முதலில் கைதட்டினார்கள்

பிப்ரவரி 9

பேத்திக்கு,

அன்றைக்கு முன்னறையில் இருந்தவர்கள்: உன் தாத்தா. நான். உன் அம்மா, அதாவது நான் பெற்றது. நீ. உன் கூட்டாளி, நான் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுகிற அந்த நெட்டையன். உங்கள் கம்பெனியில் பணம் போட வந்த அம்மாள், வந்ததிலிருந்து மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாளே, அந்த வாட்ச் அம்மாள். அவள் கூட்டிவந்த படம் பிடிக்கிறவன். வேறு யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியும் வந்து நின்றாள் என்று உன் அம்மா சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். பொய். அவள் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

உன் பார்சல் வந்தது. பளபளவென்று பெட்டி, உள்ளே பட்டை. இடுப்பில் கட்டிக்கொண்டால் போதும், விழுந்த நொடியில் வீட்டார் எல்லாருடைய போனிலும் மணியடித்துச் சொல்லிவிடும் என்று மேலே எழுதியிருக்கிறாய். எனக்கா சொல்கிறாய்? இடுப்பில் அரிக்கிறது என்று தாத்தா முனகியபோது, பழைய தலையணை உறையைக் கிழித்து அந்தப் பட்டைக்குச் சட்டை தைத்துப் போட்டவள் நான். இப்போது கடையில் விற்கிற பட்டைக்கும் துணிச் சட்டை இருக்கிறது. மென்மையான உறையாம். நன்றாக இரு.

கூடவே ஒரு துண்டுக் காகிதம். "தனியாக இருக்கிறீர்கள், இதைக் கட்டிக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை வரலாமா பாட்டி?" போனில் கேட்டால் வைத்துவிடுவேன் என்று காகிதத்தில் கேட்டிருக்கிறாய். சரி, காகிதத்துக்குக் காகிதம். நாலாவதோடு நின்றவளின் எழுத்து. கண் வலித்தாலும் படி.

அன்றைக்கு நடந்ததை உனக்கு எப்படி ஞாபகமோ தெரியாது, எனக்கு இப்படித்தான். ஜன்னல் பக்கம் நாற்காலி. இடுப்பில் பட்டையோடு, அதைப் பிடித்துக்கொண்டு தாத்தா நின்றார். முன்னால் நீங்கள் விரித்த மெத்தை. ஒட்டடைக்குச்சி விழுந்து காட்டுவான், பட்டை அடிக்கும், தாத்தா சும்மா நின்று சிரித்தால் போதும் என்றுதான் என்னிடம் சொன்னாய். நான் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே நின்றேன். நான் எப்போதும் அங்கேதான் நிற்பேன். அப்போது அவர் தண்ணீர் கேட்டார். "பெரிய டம்ளர்ல கொண்டா, தளும்பத் தளும்ப" என்றார். நான் போனேன். சிந்தாமல் எடுத்துக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்தேன். அவர் மெத்தையைத் தாண்டி வெறும் தரையில் விழுந்தார். ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

பட்டை அடித்தது. உன் அம்மாவின் கைப்பையில் அடித்தது, உன் கையில் அடித்தது, என் சமையலறைச் சுவரில் நீ மாட்டிய பெட்டியிலும் அடித்தது. வாட்ச் அம்மாள் அப்போதுதான் வாட்சை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "பிரமாதம்" என்று கைதட்டினாள். ஒட்டடைக்குச்சி தட்டினான். படம் பிடிக்கிறவன் ஒரு கையால் தொடையில் தட்டினான். என் வயிற்றில் பிறந்ததும் தட்டியது. நீயும் தட்டினாய். தட்டிவிட்டுச் சட்டென்று நிறுத்தினாய். நிறுத்தியதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லாதே, தட்டினாய்.

தரையில் கிடந்தவர் உங்களைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் தூக்கினீர்கள். முதலில் கைதட்டல், பிறகு தூக்கல்.

வரலாமா என்றால் இப்போது பதில் கிடையாது. ஒன்று சொல். அன்று காலையில் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தாத்தாவிடம் என்ன பேசினாய்? இந்த வீட்டில் அந்தக் கதவை அதுவரை யாரும் சாத்தியதில்லை.

பாட்டி


பிப்ரவரி 20

அன்புள்ள பாட்டிக்கு,

நீங்கள் எழுதியதே போதும். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அலுவலகத்தில் எழுந்து மாடிப்படிக்கு ஓடிப்போய் உட்கார்ந்து படித்தேன்.

பின்னறையில் ஒன்றும் பேசவில்லை பாட்டி. விருந்தாளிகள் வருகிறார்கள், சட்டையை மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். அவ்வளவுதான். மெத்தை சரியான இடத்தில்தான் இருந்தது. கடைசி நேரத்தில் கேமராவுக்கு மறைக்கிறது என்று என் கூட்டாளி அதை இழுத்துவிட்டான் என்று நினைக்கிறேன். அவனிடம் அப்போதே சண்டை போட்டேன்.

கைதட்டியதற்கு என்ன சொல்ல? மாதக்கணக்காக அந்தப் பட்டை எங்களை அழவைத்திருந்தது. தாத்தா தும்மினால் அடிக்கும். கழிப்பறையில் தொப்பென்று உட்கார்ந்தால் அடிக்கும், அம்மா அலுவலகத்திலிருந்து பதறி ஓடிவருவாள். நிஜமாக விழுந்தால் வாயை மூடிக்கொள்ளும். அது முதன்முதலாகச் சரியான நேரத்தில் அடித்தபோது கை தானாகத் தட்டிவிட்டது. மனசு பின்னால்தான் வந்தது.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். போன வாரம் ஒரு வாத்தியாரம்மா குளியலறையில் விழுந்தார். வயது உங்களுடையதுதான், தனியாக இருப்பவர். குழாய் திறந்தபடி இருந்திருக்கிறது. மகனுக்கு மணி அடித்தது. கதவை உடைத்துத் தூக்கிவிட்டார்கள். அந்த வாத்தியாரம்மா எனக்குப் பூங்கொத்து அனுப்பியிருக்கிறார், பாட்டி. அட்டையில் "நான் பெறாத பெண்ணுக்கு" என்று எழுதியிருக்கிறார். தாத்தா விழுந்ததிலிருந்து கற்றுக்கொண்டதுதான் அவரைத் தூக்கியது. அதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

தயவுசெய்து பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள். நான் வரட்டுமா?

உங்கள் பேத்தி


மார்ச் 2

பேத்திக்கு,

ஒட்டடைக்குச்சி மெத்தையைத் தொடவே இல்லை. சாப்பாட்டுத் தட்டை ஏந்துகிற மாதிரி இரண்டு கையிலும் கம்ப்யூட்டரை ஏந்திக்கொண்டு நின்றான். மெத்தையை இழுக்க அவனுக்கு மூன்றாவது கை முளைத்ததா? எனக்கு அவனைப் பிடிக்காது என்று தெரிந்து அவன் தலையில் கட்டப் பார்க்கிறாய். பிடிக்காதவன் மேலும் இல்லாத பழியை நான் போட மாட்டேன். போட எனக்குப் பழியா குறைச்சல்?

சட்டை மாற்றச் சொன்னாயாம். அவர் சட்டைப் பொத்தானை யாரும் தொடவிட மாட்டார், நான் உட்பட. விரல் நடுங்க நடுங்க அரை மணி நேரம் அவரேதான் போடுவார். அன்றைக்கு, முன்பு கண்டக்டர் வேலை பார்த்தபோது போட்டிருந்த பழைய காக்கிச் சட்டையை, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நீ அவருக்கு முன்னால் வந்தாய், கண் சிவந்து. சட்டை மாற்றச் சொன்னதற்கா அழுதாய்?

உன் பட்டையை நான் கட்டியிருக்கிறேன். நாற்காலிக்கு. காலையில் கூட்டும்போது நாற்காலியைச் சாய்ப்பேன், அது கத்தும். உடனே உங்கள் ஆபீஸ் பெண் ஒருத்தி கூப்பிடுவாள்.

"பாட்டி, விழுந்துட்டீங்களா?"

"நான் இல்லம்மா, நாற்காலி."

"அடி பட்டுச்சா பாட்டி?"

"கால் கொஞ்சம் ஆடுது. டாக்டரை அனுப்புறியா, தச்சனை அனுப்புறியா?"

பாவம், சிரிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் திண்டாடுவாள். தினமும் கூப்பிடுகிறாள். நீ கூட தினமும் கூப்பிட்டதில்லை.

பூங்கொத்து வந்ததாம். சந்தோஷம். அந்த வாத்தியாரம்மா நூறு வருஷம் இருக்கட்டும். இங்கே என்ன வந்தது தெரியுமா? பஸ் வந்தது. நிறுத்தத்தில் நிற்கிறேன், பஸ் என்னைத் தாண்டிப் போய் நிற்கிறது, பின்பக்கம் முழுக்க உன் தாத்தா. தரையில் கிடந்தபடி சிரித்த அதே சிரிப்பு, தரையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வானத்தை ஒட்டியிருக்கிறீர்கள். ஓடுகிற பஸ்ஸில் ஒரு கம்பியையும் பிடிக்காமல் வாழ்நாள் பூராவும் நின்ற மனுஷர். அவரைக் கொண்டுபோய் பஸ்ஸின் பின்னால் ஒட்டினாய், புகை படுகிற இடத்தில். நான் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. நடந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ எங்களோடு வந்து தங்கிய அந்த மாதங்களில், பெற்றவளுக்கு இல்லாத பாசம் இந்தப் பெண்ணுக்கு இருக்கிறதே என்று நான் எதிர்வீடு வரைக்கும் பெருமை அடித்தேன். பிறகுதான் கவனித்தேன். அவர் தடுமாறினால் நீ முதலில் போனைப் பார்ப்பாய், பிறகுதான் அவரைப் பார்ப்பாய். விழுந்தவரிடம் "அடி பட்டதா" என்று கேட்பதற்கு முன்னால் "எந்தப் பக்கமா விழுந்தீங்க தாத்தா?" என்று கேட்டவள் நீ. அவரும் பரீட்சைக்குப் பதில் சொல்கிற மாதிரி "இடது பக்கம்மா" என்பார்.

கதவுக்குப் பின்னால் என்ன பேசினாய்? அதைச் சொல்லாமல் வரலாமா என்று கேட்காதே.

பாட்டி


மார்ச் 11

பாட்டி,

போதும். இதற்கு மேல் மரியாதையாக எழுத என்னால் முடியவில்லை.

நான் போனைப் பார்த்தேன், சரி. நீங்கள் என்ன செய்தீர்கள்? எனக்கு இந்த யோசனை எங்கே வந்தது என்று பேட்டி எடுக்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு பொய் சொல்கிறேன், உங்களைக் காப்பாற்ற. உண்மையை இங்கே எழுதுகிறேன்.

கல்லூரி விடுமுறையில் சொல்லாமல் வந்தேன். வீடு வெளியே பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தாத்தாவை நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டால் இடுப்பைச் சுற்றி இறுக்கி, முதுகுப்பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தீர்கள். அவர் கைக்கு எட்டாத முடிச்சு. கால்சட்டை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பாட்டி. ஏதோ தப்பு செய்து பிடிபட்ட மாதிரி அவர் திருப்பிக்கொண்டார்.

அந்த ஜன்னலில் நின்றுகொண்டுதான் நினைத்தேன். விழுந்தால் யாருக்காவது உடனே தெரியும் என்றால் ஒரு மனுஷனைக் கட்டிப்போட வேண்டியதில்லையே என்று. என் பட்டை அங்கேதான் பிறந்தது. உங்கள் முடிச்சில்.

அரிப்புக்குத் துணி தைத்தது ஞாபகம் இருக்கிறது. அந்தத் துண்டு அரித்ததா என்று அவரிடம் ஒரு நாளாவது கேட்டீர்களா?

ஆபீஸில் அந்தப் பெண் நாற்காலி விஷயத்தைச் சொல்லி அழுகிறாள். உங்கள் அழைப்பு வரும்போது நிஜமாக விழுந்தவர் யாராவது காத்திருக்கக் கூடும். நிறுத்துங்கள்.

பேத்தி


மார்ச் 17

பேத்திக்கு,

கட்டினேன். துண்டு நீலக் கரை போட்டது, முடிச்சு இரட்டை முடிச்சு. நான் இல்லாத நேரத்தில் அடுப்பைப் பார்க்கப் போய் விழுந்து, நான் திரும்பி வரும்போது நெற்றியில் ரத்தத்தோடு கிடந்தார். அதற்கு மறுநாளிலிருந்து கட்டினேன். வீட்டில் அரிசி இல்லாதபோது வேறு யார் போய் வாங்கிவருவது? நீயா, உன் அம்மாவா? பேட்டியில் தாராளமாகச் சொல்லு. என் பெயரைக் காப்பாற்றுகிற வேலையை உனக்கு யாரும் கொடுக்கவில்லை.

ஆனால் ஒன்று. நான் கட்டிய வரைக்கும் அவர் விழவில்லை.

நீ அவிழ்த்தாய்.

நாற்காலிப் பட்டையைக் கழற்றிவிட்டேன். அந்தப் பெண்ணை அழவைக்க எனக்கு ஆசையில்லை. அவள் அன்றைக்கு முன்னறையில் இல்லை.

கதவு.

பாட்டி


ஏப்ரல் 4

பாட்டிக்கு,

இதை எழுதிக் கிழித்து, திரும்ப எழுதுகிறேன். என்னுடைய கூட்டாளிக்கும் அம்மாவுக்கும் தெரியாதது. உங்களிடம் பொய் சொன்னேன், அவன் மெத்தையைத் தொடவில்லை.

முதலில் நாங்கள் அந்தப் பட்டையைப் பழக்கியது எங்களை வைத்துத்தான். கல்லூரிப் பிள்ளைகள் மெத்தையில் விழுவோம், அது கற்றுக்கொள்ளும். ஆனால் வாலிபப் பிள்ளைகள் விழுகிற மாதிரி வயசானவர்கள் விழுவதில்லை. நாங்கள் கையை ஊன்றுவோம், உடம்பைச் சுருட்டுவோம். தாத்தா மரம் சாய்கிற மாதிரி அப்படியே வருவார். அதனால்தான் அவர் விழுந்தபோது அது சும்மா இருந்தது, தும்மினால் கத்தியது. பிறகு உங்கள் வீட்டில் தங்கி, தாத்தா விழுந்ததையெல்லாம் அதற்குக் கற்றுக்கொடுத்தேன். எங்களுடைய விழுதல்களை எல்லாம் போலி என்று சொல்லிக் கொடுத்தேன். கற்றுக்கொண்டது. நன்றாகவே கற்றுக்கொண்டது.

அன்று காலையில் ஒத்திகை பார்த்தோம். என் கூட்டாளி மெத்தையில் விழுந்தான். அடிக்கவில்லை. நான் விழுந்தேன். அடிக்கவில்லை. நடித்தால் அடிக்கக் கூடாது என்று நாங்களே பழக்கியதை, பணம் போடுகிறவர் முன்னால் நடித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்பதை, எங்கள் இரண்டு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். அந்த அம்மாள் கிளம்பி வந்துகொண்டிருந்தாள். அவளும் இல்லையென்றால் கடையைக் கட்டிவிட வேண்டியதுதான்.

நான் பின்னறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். கேட்கலாம் என்றுதான் போனேனா, அழலாம் என்று போனேனா, எனக்கே தெரியவில்லை. தாத்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னடி வாலு, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றார்.

"எல்லாம் போச்சு தாத்தா. நாங்க விழுந்தா அது அடிக்க மாட்டேங்குது. நீங்க விழுந்தாத்தான் அடிக்கும்."

சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது. திருப்பி எடுக்கவில்லை. அவர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நான் விழற மாதிரி நடிச்சா?"

"நடிச்சா அடிக்காது தாத்தா."

"அப்ப நடிக்க வேணாம்" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மெத்தை போடுகிறேன் என்றுதான் சொன்னேன். "தடிமனா போடறேன் தாத்தா, ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் சிரித்தார். "மெத்தையில விழுந்தா அதுக்கு எப்படித் தெரியும்? விடு, கண்டக்டருக்குத் தெரியும் எங்க இறங்கணும்னு." பிறகு அந்தக் காக்கிச் சட்டையை எடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

கதவைத் திறக்கப் போனபோது அவர் ஒன்று கேட்டார். "உன் பாட்டி பக்கத்துல நிப்பாளே. அவ புடிச்சிடுவா." அம்மாவை விட்டு உங்களைச் சமையலறையில் நிறுத்திவைக்கச் சொல்கிறேன் என்றேன். "வேணாம். உங்கம்மா சொன்னா அவ கேக்க மாட்டா. அவளை நான் பார்த்துக்கறேன்" என்றார். என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் விழுந்தபோது நீங்கள் பக்கத்தில் இல்லை என்பது மட்டும் தெரியும்.

இடுப்பு எலும்பு உடையும் என்று நான் நினைக்கவில்லை. படுக்கையில் சளி கட்டி மூச்சு நிற்கும் என்று நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்பது பதில் இல்லை என்றும் தெரியும்.

அவர் கடைசியாக என்னிடம் பேசியது ஆஸ்பத்திரியில். "அடிச்சுதா?" என்று கேட்டார். அடித்தது தாத்தா என்றேன். "நல்லா கேட்டுச்சா எல்லாருக்கும்?" என்றார்.

கதவைத் திறந்து காட்டிவிட்டேன் பாட்டி. இனிமேல் நீங்கள் என்ன சொன்னாலும் சரி.

பேத்தி


மே 10

பாட்டிக்கு,

பதில் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறார், நடந்து கடைக்குப் போகிறார் என்றார்கள். அப்படியென்றால் என் கடிதம் வந்திருக்கிறது.

பஸ்களிலிருந்து அந்தப் படத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன். அலுவலகத்தில் பெரிய சண்டை. வாட்ச் அம்மாள், "அந்தச் சிரிப்புதான் விற்கிறது, வேறு எந்தக் கிழவன் இப்படிச் சிரிப்பான்?" என்றாள். மேசையில் இருந்த தண்ணீரை அவள் மேல் ஊற்றலாம் என்று இருந்தது. ஊற்றவில்லை. படம் மட்டும் போய்விட்டது.

பட்டை நன்றாக விற்கிறது. கடல் தாண்டியும் கேட்கிறார்கள். ராத்திரி எங்கேயாவது மணி அடித்தால் எனக்கும் தெரிகிற மாதிரி என் போனில் வைத்திருக்கிறேன். தூங்குவதே இல்லை. யாரோ விழுகிறார்கள், யாரோ தூக்குகிறார்கள். நீங்கள் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள். மன்னிக்க மாட்டேன் என்று எழுதினாலும் போதும். அதையாவது வைத்துக்கொள்கிறேன்.

வரலாமா?

பேத்தி


ஜூன் 6

பேத்திக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே படித்தேன். பதில் எழுதாதது கோபத்தில் இல்லை. ஒரு டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எழுதக் கடைசியில் வருகிறேன்.

முதலில் மன்னிப்பு. ஆசைப்பட்டாயே, எடுத்துக்கொள்.

வாட்ச் அம்மாளை மன்னித்தாயிற்று. அவள் கடைக்கு வந்தவள், சாமான் வேலை செய்கிறதா என்று பார்த்தாள், கைதட்டினாள். கடைக்கு வந்தவளோடு எனக்கு என்ன உறவு? படம் பிடிக்கிறவனை மன்னித்தாயிற்று. அவன் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை, என் ஞாபகத்திலேயே தங்காதவன் மேல் வன்மம் வைத்து என்ன ஆகப் போகிறது? ஒட்டடைக்குச்சியை மன்னித்தாயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் நான் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது அவனும் திரும்பி வந்து, என் சமையலறைச் சுவரில் அடித்துக்கொண்டே இருந்த பெட்டியை நிறுத்தினான். நாம் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடியதில் யாரும் நிறுத்தவில்லை. நிறுத்திவிட்டு, தரையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்துவிட்டுப் போனான். அவனுக்குக் கல்யாணம் ஆனால் சொல்லு.

உன் அம்மாவை மன்னித்தாயிற்று. சின்ன வயதிலிருந்தே நாலு பேர் சிரித்தால் அவளும் சிரிப்பாள், நாலு பேர் அழுதால் அழுவாள். தட்டினார்கள், தட்டினாள். அது வளர்ப்பு. வளர்த்தவள் நான், அதனால் அதோடு விடு.

உன்னையும் மன்னித்தாயிற்று.

சந்தோஷப்படாதே. உனக்கு என்னைத் தெரியும் என்று நினைக்கிறாய், தெரியாது. எனக்கு மன்னிப்பது என்பது வேண்டாத சாமானைத் தெருவில் வைக்கிற மாதிரி. வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடுவேன், யார் எடுத்துப் போனார்கள் என்று பார்க்க மாட்டேன். வன்மம் அப்படியில்லை. அதற்கு இடம் வேண்டும். தினமும் எடுத்துத் துடைத்து வைக்க வேண்டும். எனக்கு வயதாகிவிட்டது, இனி ஒரே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அதை உனக்குத் தர மாட்டேன். மன்னிக்க மாட்டேன் என்றாவது எழுதுங்கள், வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டாயே. அதுதான் உனக்குக் கிடையாது.

வா. எப்போது வேண்டுமானாலும் வா. சாப்பாடு போடுகிறேன். எதிர்வீட்டுப் பெண் வந்தாலும் போடுவேன். வாத்தியாரம்மா வந்தாலும் போடுவேன். பட்டையை எடுத்துக்கொண்டு போய்விடு, நான் கட்ட மாட்டேன். நான் விழுந்தால் அது எனக்கும் தரைக்கும் உள்ள விஷயம். துணிச் சட்டையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன், உன் மென்மையான உறையை இல்லை, தலையணை உறையில் நான் தைத்த பழையதை. ஆஸ்பத்திரியில் அவிழ்த்துக் கொடுத்தார்கள்.

இப்போது டம்ளர்.

கொஞ்ச நாளாகவே அவருக்குத் தண்ணீர் தொண்டையில் இறங்காது. வெறும் தண்ணீர் குடித்தால் புரை ஏறும், கண் பிதுங்கும். டாக்டர் ஒரு மாவு கொடுத்திருந்தார், அதைக் கலக்கிக் கஞ்சி மாதிரி ஆக்கித்தான் கரண்டியில் கொடுப்பேன். உனக்கு இது தெரியாது, நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவராக வாயைத் திறந்து தண்ணீர் கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. அன்றைக்குக் கேட்டார். பெரிய டம்ளரில், தளும்பத் தளும்ப. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இவருக்குத் தாகம் எடுக்கிறது, உடம்பு தேறுகிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் முழங்கையை விட்டுவிட்டு ஓடினேன். மாவு கலக்கக்கூட இல்லை. விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். ஊற்றியதால் வேகமாக வர முடியவில்லை. சிந்திவிடுமே என்று அடிமேல் அடி வைத்து வந்தேன்.

அதற்குத்தான் தளும்பத் தளும்பக் கேட்டிருக்கிறார். அரை டம்ளர் என்றால் நான் ஓடிவந்திருப்பேன். ஓடிவந்திருந்தால் பிடித்திருப்பேன். பிடித்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும், பஸ்ஸில் எந்த வளைவில் யார் சாய்வார்கள் என்று தெரிந்து வைத்திருந்த மாதிரி. இத்தனை வருஷமும் நான் சொன்ன ஒரு சொல்லையாவது எதிர்த்துப் பேசாமல் கேட்டவர் இல்லை. உப்பு குறைவாகப் போட்டால் சண்டை, ஜன்னலைச் சாத்தினால் சண்டை. நீ ஒரு வார்த்தை சொன்னாய், விழுந்துவிட்டார். அதை நான் உன் கணக்கில் எழுதவில்லை. நீ கேட்டால் இல்லை என்று சொல்ல வராத மனுஷர் அவர், பேத்திக்காக விழுவார், விழட்டும்.

ஆனால் ஒன்று சொல்லியிருக்கலாம். இப்படி இருக்கிறது, வாலுக்காக ஒரு தடவை விழப் போகிறேன், நீ பிடிக்காதே என்று என்னிடம் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், கடைசியில் தள்ளி நின்றிருப்பேன். பார்த்துக்கொண்டாவது நின்றிருப்பேன். அவர் கதவைச் சாத்தியது உன்னோடு. என்னை வெளியே நிறுத்தினார். கட்டிப்போட்டதற்குப் பழி வாங்கினாரா என்று கூட நினைத்துப் பார்த்தேன். இல்லை. அவருக்கு அவ்வளவு வன்மம் கிடையாது. அதெல்லாம் எனக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தினமும் கரண்டியில் ஊட்டினேன். அவ்வளவு நாளில் ஒரு தடவைகூட வாயைத் திறந்து, "அன்னிக்குத் தண்ணி கேட்டேனே" என்று சொல்லவில்லை. "அடிச்சுதா?" என்று உன்னிடம் கேட்டாராம். என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை.

அந்த டம்ளரைக் கழுவி, கவிழ்க்காமல், அடுப்புக்கு மேல் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். நீ வரும்போது உனக்கு வேறு டம்ளரில் தருகிறேன். அதைத் தொடாதே.

அன்றைக்கு முன்னறையில் இருந்த எல்லாரையும் மன்னித்தாயிற்று, ஓர் ஆளைத் தவிர. அவரை மன்னிக்க மாட்டேன். நான் சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன், அங்கே போய்ப் பார்த்தாலும் முதல் வேலையாக அதைத்தான் சொல்லப் போகிறேன்.

உன் தாத்தாவை.

பாட்டி